ஒப்புக்கு ஜப்பானி

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை மாலை அந்த இரண்டு வார்த்தைகளைத் திரையில் பார்த்ததும், பெரியவள் கணினியை அப்படியே அணைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சனியும் ஞாயிறும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. துணிகளைத் துவைத்தாள், மடித்தாள். அலமாரியை ஒழித்துவிட்டு மறுபடி அடுக்கினாள். வீட்டில் இருந்த மற்ற இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இருவரில் ஒருவர். கணவர், அல்லது தங்கை. மூன்றாவது ஆளுக்கு அந்த வார்த்தை தெரியவே தெரியாது.

வார்த்தையின் கதை சின்னது. சிறுவயதில் தெருவில் விளையாடும்போது, தங்கையைப் பெரிய பிள்ளைகள் பேருக்குத்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவள் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, தொட்டாலும் கணக்கில்லை. "அவ ஒப்புக்குச் சப்பாணி" என்பார்கள். தங்கை வீட்டுக்கு ஓடி வந்து, "என்னை ஜப்பானின்னு சொல்றாங்க! ஒப்புக்கு ஜப்பானின்னு சொல்றாங்க!" என்று குதித்தாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் காது பாதி மூடிப்போயிருப்பதை டாக்டர் சொன்னது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

அப்புறம் யாரும் பழையபடி சிரிக்கவில்லை. ஆனால் வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. கல்யாணமாகி வந்த கணவருக்கும் ஒட்டிக்கொண்டது.

அந்த வார்த்தைதான், பேர் போடாத ஒரு படிவத்தின் கடைசிக் கட்டத்தில் இருந்தது: 'இங்கே எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. இங்கே யாரும் ஒப்புக்கு ஜப்பானி இல்லை.'

திங்கட்கிழமை காலை. சமையலறை மேசையில் ரொட்டி, வெண்ணெய், மூன்று கோப்பை காபி. சின்னவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய காது மிஷின் ஜன்னல் விளிம்பில், சின்னக் கிண்ணத்தில் இருந்தது. அதை மாட்டும்வரை அவள் தனி உலகம்.

பெரியவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "எங்க ஆபீஸ்ல நானும் ஒப்புக்கு ஜப்பானிதான்."

கணவர் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை. ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு நிதானமாகப் போனது.

பதினோரு வருடமாக அந்த வார்த்தை காதில் விழுந்தால் அவர் சிரிப்பார். சின்னவளின் தலையில் தட்டி, "யார் இங்க என் ஜப்பானிய வம்புக்கு இழுக்கறது?" என்பார். இன்று சிரிக்கவில்லை.

"ரிப்போர்ட் எப்போ?" என்றார்.

"இன்னிக்கு நாலு மணிக்கு."

"எங்க பிரிவு எப்படி வந்திருக்கு?"

"சொல்லக் கூடாது."

"நீ சொல்லவே வேணாம். உன் மூஞ்சி சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"நூத்துக்கு நூறு வாங்கின பிள்ளைய நிக்க வெச்சு, யாரைப் பாத்துடா எழுதினேன்னு கேக்கற டீச்சர் மூஞ்சி."

அவளும் சிரித்து வைத்தாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் தாண்டியபிறகுதான் உறைத்தது. மதிப்பெண் அதிகம் என்று அவள் அவரிடம் சொல்லவே இல்லையே?

பெரியவள் வேலை பார்ப்பது அளக்கிற ஆபீஸ். நிறுவனங்கள் தங்கள் ஆட்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இவர்களை அழைக்கும். இந்த முறை அழைத்தது சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்று. அங்கே இரண்டு வருடமாக 'எல்லாருக்கும் இடம்' என்று ஒரு திட்டம் நடக்கிறது. வழக்கமாக உள்ளே வர முடியாதவர்களைத் தேடி வேலைக்கு எடுத்தார்கள்: காது கேளாதவர்கள், கால் சாய்த்து நடப்பவர்கள், வேறு மொழி பேசுகிறவர்கள், பளு தூக்கும் வேலைக்கு அதுவரை எடுக்கப்படாத பெண்கள். திட்டம் முதலில் இறங்கியது சரக்குக் கட்டும் பிரிவில். அங்கே நாற்பத்தொரு பேர். அதில் திட்டத்தில் வந்தவர்கள் பத்தொன்பது.

அந்தப் பத்தொன்பதில் ஒருத்தி சின்னவள். அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் பெரியவளின் கணவர்.

அவள் ஆரம்பத்திலேயே தன் மேலாளரிடம் சொன்னாள். "சார், என் வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு அங்க இருக்காங்க. வேற யார்கிட்டயாவது குடுங்க."

"பேரே இல்லாத படிவம்மா. உனக்கு யாருன்னு எப்படித் தெரியப் போகுது?" என்றார் அவர்.

அவருக்கு ஆபீஸில் 'தசமப்புள்ளி' என்று பேர். எந்த எண்ணைச் சொன்னாலும், "புள்ளிக்கு அப்புறம்?" என்று கேட்பார்.

இன்றும் அதைத்தான் கேட்டார். "சரக்குக் கட்டற பிரிவு என்ன வந்திருக்கு?"

"நாலு புள்ளி ஒன்பது சார். அஞ்சுக்கு."

"போன வருஷம்?"

"மூணு புள்ளி ஒண்ணு."

"பலே! இந்த வருஷமும் நாலுக்குக் கீழ வந்தா திட்டத்தை மூடிடுவோம்னு சொல்லியிருந்தாங்க. புதன்கிழமை அவங்க கூட்டம். நிம்மதியாப் போவாங்க."

பெரியவள் திரும்பிப் போகவில்லை. மேசையின் ஓரத்தைத் தடவிக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா?"

"படிவத்துல பன்னெண்டு கேள்வி சார். படிச்சுப் பதில் போட ஆறு நிமிஷமாவது ஆகும். இந்தப் பிரிவுல கிட்டத்தட்ட எல்லாரும் நாப்பது செகண்டுல முடிச்சிருக்காங்க. எல்லாம் ஒரே டேப்லெட்ல. வியாழக்கிழமை மத்தியானம், வரிசையா, ஒண்ணு மேல ஒண்ணா."

தசமப்புள்ளி கண்ணாடியைக் கழற்றினார். கழற்றினால் அவர் முகம் வேறு யாருடையதோ போல ஆகிவிடும்.

"அப்புறம்?"

"ரெண்டு வருஷத்துல திட்டத்துல வந்தவங்க ஆறு பேரு வேலைய விட்டுப் போயிருக்காங்க. ஆறு பேரும் 'சொந்தக் காரணம்'னு எழுதியிருக்காங்க. அவங்க இடத்துக்குப் புதுசா ஆறு பேர எடுத்ததால எண்ணிக்கை பத்தொன்பதாவே நிக்குது. யாருக்கும் ஒரு படி கூட உயர்வு இல்ல. ஆனா, 'எனக்கு இங்கே முன்னேற வாய்ப்பு இருக்கிறது'ங்கற கேள்விக்கு எல்லாரும் அஞ்சு."

"நல்லா வந்தா நம்ப மாட்டே. மோசமா வந்தா உடனே நம்புவே. அதுதானே?"

"மோசமா வந்தா யாரும் யாருக்காகவும் நிரப்ப மாட்டாங்க சார்."

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். பக்கத்து அறையில் யாரோ காகிதத்தைக் கிழித்துக் கிழித்துப் போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தப் பிரிவைத் தள்ளி வெச்சா காரணம் எழுதணும்," என்றார் கடைசியில். "எழுதினா அவங்க சீட்டைத் தேடுவாங்க. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுல ஒரு எண், அந்த எண்ணைப் போட்டாத்தான் படிவம் திறக்கும். எந்தச் சீட்டு யார் கைக்குப் போச்சுன்னு பத்து நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. யாரோ ஒருத்தருக்கு வேலை போகும். யோசிச்சுக்கோ. நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

யாரோ ஒருத்தர். அவளுக்கு அந்த 'யாரோ' இரண்டே முகங்களாகத்தான் தெரிந்தது.

பன்னிரண்டரைக்கு அவள் அந்த நிறுவனத்தின் சாப்பாட்டு அறையில் இருந்தாள். அளக்கிறவர்கள் ஒருநாள் நேரில் போய்ப் பார்க்க அனுமதி உண்டு. அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

சுவரில் அந்த டேப்லெட் இருந்தது. அதற்கு மேலே ஒரு படம்: பல நிறக் கைகள் ஒன்றின்மேல் ஒன்று. அதற்குக் கீழே பத்து மேசைகள்.

மணி அடித்ததும் ஆட்கள் வந்தார்கள். அவள் வழக்கப்படி எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடித்தபிறகு இன்னொரு முறை எண்ணினாள்.

பத்தொன்பது பேரும் கதவோரத்து மூன்று மேசைகளைச் சுற்றியே இருந்தார்கள். மற்ற ஏழு மேசைகளில் மற்ற இருபத்திரண்டு பேர். அந்த ஏழில் இடம் நிறைய இருந்தது. கதவோரத்தில் இடம் போதாமல் ஒரு பெண் ஜன்னல் திட்டில் டப்பாவை வைத்து நின்றபடியே சாப்பிட்டாள். எதிரே நான்கு நாற்காலிகள் காலியாக இருந்தன. அந்தப் பக்கம் யாரும் அவளைப் போகாதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

சின்னவள் அக்காவைப் பார்த்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் படித்தாள். உதட்டைப் படிக்கிறவர்கள் முகத்தையும் படித்துவிடுவார்கள். டப்பாவை மூடிவிட்டு, மாடிப்படிப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

படிக்கட்டில் வெளிச்சம் நன்றாக இருந்தது. சின்னவள் எப்போதும் வெளிச்சமான இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பாள். மிஷினைக் காதிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

"கீழ வண்டிங்க போட்ற சத்தத்துல இது மண்டையப் பொளக்குது. நீ வாயத் தெறந்து நல்லா பேசு, நான் பாத்துக்கறேன்."

"வியாழக்கிழமை நீ என்னடி பண்ணின?"

 சின்னவள் படிக்கட்டின் கைப்பிடியில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். பெரியவள் காத்திருந்தாள். இந்தக் குடும்பத்தில் காத்திருப்பதற்கு யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தானாக வந்ததுதான்.

"போட்டேன்," என்றாள் சின்னவள். "எங்க ஆளுங்க எல்லாருக்கும் நானே போட்டேன். அவங்ககிட்ட கேட்டுத்தான் போட்டேன். யாரும் வேணாம்னு சொல்லல."

"ஏன்?"

"போன வருஷம் உண்மைய எழுதினோமே, என்ன ஆச்சு? கூட்டத்துல நாங்க பேசினா யாரும் கேக்கறதில்லன்னு எழுதினோம். மூணு புள்ளி ஒண்ணு வந்துச்சு. உடனே என்ன சொன்னாங்க? 'திட்டம் சரியா வரல போலிருக்கே, மூடிடலாமா'ன்னாங்க. கூட்டத்துல கேக்காதவங்களப் போய்க் கேளுங்கன்னு ஒருத்தரும் சொல்லலக்கா."

"அதுக்காக..."

"நாங்க சந்தோஷமா இல்லன்னா, திட்டம் தோல்வி. திட்டம் தோல்வின்னா, நாங்க வீட்டுக்கு. அப்போ நாங்க என்ன பண்ணணும்? சந்தோஷமா இருந்தாகணும். இருந்துட்டோம். பன்னெண்டு கேள்விக்கும் அஞ்சு அஞ்சா இருந்துட்டோம்."

அவள் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தன் குரல் எவ்வளவு உயர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. பெரியவள் வழக்கம்போல உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தாள். சின்னவள் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான் இதை எழுதியாகணும்," என்றாள் பெரியவள். "எழுதினா உன் பேரு வெளிய வரும்."

"தெரியும். போன வாரமே தெரியும். அக்கா கைக்குத்தான் வருதுன்னு தெரிஞ்சும் போட்டேனே, எனக்கு எவ்வளவு கொழுப்பு பாரு." சிரித்தாள். கண்ணில் சிரிப்பு இல்லை. "எழுது. ஆனா ஒண்ணு. என்னை எழுதினா அந்த மேசைங்களையும் எழுது. எந்த மேசைல யாரு, எத்தனை நாற்காலி காலின்னு எண்ணினியே, நான் பாத்தேன். அத எழுது. அதுக்கு யாரும் அஞ்சு போட முடியாது."

பெரியவள் தலையாட்டினாள்.  பிறகு கேட்டாள்.

"எல்லாம் சரி. அந்த வார்த்தைய எதுக்குடி எழுதின? அது இல்லன்னா நான் கண்டுபிடிச்சிருக்கவே மாட்டேனே."

"எந்த வார்த்தை?"

"ஒப்புக்கு ஜப்பானி."

சின்னவள் அக்காவின் உதட்டையே பார்த்தாள். தவறாகப் படித்துவிட்டோமோ என்று நினைப்பது போலப் புருவத்தைச் சுருக்கினாள். பெரியவள் இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னாள்.

"நான் எதுவும் எழுதலையேக்கா. கடைசிக் கட்டத்தை எல்லாத்துலயும் வெறுமையாத்தான் விட்டேன். எழுத ஏது நேரம்? சாப்பாட்டு நேரத்துக்குள்ள பத்தொன்பது போடணும்."

"பத்தொன்பதா?"

"ஆமா. எங்க பத்தொன்பது பேரு."

"நாப்பத்தொண்ணும் ஒரே மாதிரி வந்திருக்கு."

"மத்தவங்களுது எனக்குத் தெரியாது. மாமா என்கிட்ட பத்தொன்பது சீட்டுதான் குடுத்தார். 'உங்க ஆளுங்களோடத நீயே பாத்து முடிச்சிடு'ன்னார். மிச்சம் இருபத்திரண்டும் அவர் கையிலதான் இருந்துச்சு."

கீழே ஒரு வண்டி பின்வாங்கி வரும் சத்தம். சின்னவளுக்கு அது கேட்கவில்லை. அவள் அக்காவின் முகத்தில் எதையோ படித்து, தானும் மெல்ல வெளிறினாள்.

மூன்று மணிக்குப் பெரியவள் தன் மேசைக்குத் திரும்பியிருந்தாள். அறிக்கையின் அந்தப் பக்கத்தை எழுத ஆரம்பித்தாள். 'சரக்குக் கட்டும் பிரிவின் நாற்பத்தொரு படிவங்களும் கணக்கில் சேர்க்கப்படவில்லை.' பிறகு நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு சீட்டு. அவர் கை தவறி அந்த வார்த்தையை எழுதியிருப்பாரா? பதினோரு வருடமாக வீட்டில் புழங்குகிற வார்த்தை. அவசரத்தில் கை தானாக எழுதியிருக்கலாம்.

ஆனால் அவர் அவசரப்படுகிற ஆள் இல்லை. ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறபோதுகூட மூலை விடாமல் தடவுகிறவர்.

அப்போதுதான் கைபேசி அடித்தது. அவர்தான்.

"எழுதியாச்சா?"

"எழுதிட்டிருக்கேன்."

"மத்தியானம் இங்க வந்திருந்தியாமே. என்னைப் பாக்காமலே போயிட்டே."

"வேலையா வந்தேன்."

"சரி, சரி."  பிறகு அதே தணிந்த குரலில், குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போலச் சொன்னார். "நீ கவலைப்படாத. எனக்குத் தெரியும், சின்னவள நீ மாட்டி விட மாட்டே."

பெரியவள் சின்னவளைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அவள் பேசவில்லை. அவரும் பேசவில்லை. கல்யாணமான புதிதில் இப்படித் தொலைபேசியில் பேசாமலே இருந்திருக்கிறார்கள், ஆசையில். அந்த மௌனமும் இந்த மௌனமும் காதுக்கு ஒன்றுபோலவே இருந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"வெச்சிடறேன்," என்றாள்.

இப்போது புரிந்தது. அந்த வார்த்தை கை தவறி விழுந்ததல்ல. அளக்கப்போவது மனைவி. அதைப் பார்த்ததும் அவள் தங்கையைத்தான் நினைப்பாள். தங்கையைக் காப்பாற்ற வாயை மூடிக்கொள்வாள். வீட்டுக்குள் சிரித்துச் சிரித்துப் பழகிய வார்த்தையை அவர் பூட்டாக்கி அவள் வாயில் மாட்டியிருக்கிறார். புதன்கிழமை கூட்டம் நல்லபடியாக முடிந்தால் எல்லாப் பிரிவுக்கும் அவர்தான் தலைவர் என்று போன மாதமே பேச்சு.

அல்லது இவளுக்குத்தான் எல்லாமே இப்படித் தெரிகிறதா? சந்தேகம் ஒருமுறை கண்ணில் விழுந்துவிட்டால், வெண்ணெய்க் கத்திகூட ஆயுதமாகத்தான் தெரியும். அதுவும் அவளுக்குத் தெரிந்திருந்தது. சீட்டு இருபத்திரண்டு அவர் கையில் இருந்ததில் மட்டும் சந்தேகமில்லை. அது எண்ணிக்கை.

அவள் எழுதினாள். மூன்று மேசை, ஏழு மேசை. திட்டோரம் நின்று சாப்பிட்ட பெண். அவளுக்கு எதிரே காலியாக இருந்த நான்கு நாற்காலிகள். போன ஆறு பேரிடம் ஏன் போனீர்கள் என்று திரும்பக் கேட்க வேண்டும். மதிப்பெண் குறைந்தால் திட்டத்தை மூடக் கூடாது, கேட்க மறுத்தவர்களைத்தான் முதலில் கேட்க வேண்டும். கடைசியாக, சீட்டுகள் யார் கையில் இருந்தன என்பதை.

நான்குக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்கத்தைத் தசமப்புள்ளியின் மேசையில் வைத்தாள்.

அவர் படித்தார். கடைசி வரியில் விரலை வைத்தார். "ரெண்டு பேருன்னு எழுதியிருக்கே. யாரு யாரு?"

"என் தங்கச்சி பத்தொன்பது. என் வீட்டுக்காரர் இருபத்திரண்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. "பேரே இல்லாத படிவம்மா. உனக்கு எப்படி..."

"பேரு இல்ல சார். வார்த்தை இருந்துச்சு."

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், திறந்தபடியே வைத்திருந்தார். அந்த நேரத்தில் அவள் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. சின்னவளிடமிருந்து ஒரு செய்தி. கைபேசியில் அவள் பேச மாட்டாள், எழுதித்தான் அனுப்புவாள்.

'அக்கா, மாமா தன் ரூமுக்குக் கூப்பிட்டார். நாப்பத்தொண்ணும் நானே போட்டேன்னு ஒரு தாள் டைப் பண்ணி வெச்சிருக்கார். கையெழுத்துப் போட்டா உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதாம். உனக்காகன்னா போட்டுடறேன். போடட்டுமா?'

 பெரியவள் 'போடாதே' என்று தட்டி அனுப்பினாள். மறுபடி, 'போடாதே. நான் எழுதிட்டேன். எல்லாத்தையும் எழுதிட்டேன்.'

செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை.

அவள் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி அடித்தது. அங்கே, ஒரு மூடிய அறையில், சின்னவளின் மிஷின் சட்டைப் பைக்குள் கிடக்கும். எத்தனை முறை அடித்தாலும் அவளுக்குக் கேட்காது. கேட்கக்கூடிய காது அந்த அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.